65 மஸ்டாங்கில் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1948-ல் வந்த மோரிஸ் மைனரில் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் இருந்தது: ஸ்டீயரிங் ஷாஃப்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் (பினியன்), அது பக்கவாட்டில் நகர்த்தும் ஒரு பற்சட்டம் (ரேக்). மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த நம் அம்பாசடரிலும் அதேதான். ஆனால் 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தபோது அதில் ரேக் கிடையாது. ரீசர்குலேட்டிங் பால் வகை ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் பிட்மன் ஆர்ம், எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம், இரண்டையும் இணைக்கும் சென்டர் லிங்க், அப்புறம் சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் பக்கத்துக்கு ஒரு டை ராட்.

அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்டுக்காரர்களுக்கு ரேக் தெரியாமல் இல்லை. வி8 எஞ்சின் உட்கார்ந்த கனமான மூக்கைப் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் கையால் திருப்ப வேண்டும் என்றால் பெரிய ரேஷியோ வேண்டும், அதாவது சக்கரம் கொஞ்சம் திரும்ப ஸ்டீயரிங்கை நிறையச் சுற்ற வேண்டும். பாக்ஸில் அது சுலபம். பள்ளத்தில் விழும் உதையும் கைக்கு அவ்வளவாக வராது. எஞ்சினுக்கு அடியில் குறுக்கே இடம் தேட வேண்டியதில்லை, பிரேம் ரெயில் ஓரமாகப் பாக்ஸைப் பூட்டிவிடலாம். அமெரிக்க ஃபோர்டில் 1971 பின்டோவில் ரேக் வந்தது, மஸ்டாங்குக்கு 1974-ல் மஸ்டாங் II வந்தபோதுதான் கிடைத்தது. செவர்லே கமாரோ 1993 வரை காத்திருந்தது.

இந்த வழிகாட்டி 1965, 66 மஸ்டாங்கை, அதுவும் 289 கன அங்குல வி8 போட்ட வண்டியை வைத்து எழுதியது. வேலை முறை எல்லாப் பழைய அமெரிக்க வண்டிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; வேறுபடும் இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேக்கைப் பூட்டுவது ஒரு வார இறுதி வேலை. அதைச் சரியான உயரத்தில், சரியான அகலத்தில் பூட்டுவதில்தான் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது. அங்கே அரை அங்குலம் தவறினால், பழைய பாக்ஸே தேவலாம் என்று ஆகிவிடும்.

முதலில், இது தேவைதானா?

ஸ்டீயரிங் தளர்ந்துவிட்டது, ஹைவேயில் வண்டி அலைபாய்கிறது, அதனால் ரேக் போடுகிறேன் என்பவர்கள் பலருக்கு உண்மையில் வேண்டியது ஒரு ஐட்லர் ஆர்மும் இரண்டு டை ராட் எண்டும்தான். சோதித்துப் பார்ப்பது சுலபம். டயர் நான்கும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும்; ஜாக்கில் தூக்கினால் இந்தச் சோதனை பலிக்காது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் இடமும் வலமுமாக ஆட்டட்டும். இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு முனை அசைந்து மறுமுனை அசையாமல் நிற்கும் இடம் எதுவோ, அங்கேதான் ப்ளே, அதாவது தளர்வு. பிட்மன் ஆர்மே தாமதமாக அசைந்தால் பாக்ஸுக்குள் தேய்மானம். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழுமாக ஆடினால் அதன் புஷ் போய்விட்டது.

பாக்ஸ் மேலிருக்கும் செக்டர் அட்ஜஸ்ட்மென்ட் திருகை இறுக்கிச் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். சக்கரம் நேராக இருக்கும்போது, கொஞ்சமாக, மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் செய்யலாம். ப்ளே மொத்தமும் போகும்வரை இறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, உள்ளே பற்களும் தேயும்.

இன்னொரு சந்தேகப் பேர்வழி அலைன்மென்ட். அந்தக் காலத்து பயஸ் பிளை (குறுக்கிழை) டயருக்காகக் கொடுத்த காஸ்டர், அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்பக்கம் சாயும் அளவு, மிகக் குறைவு. அதே அளவை இன்றைய ரேடியல் டயரோடு வைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டி அலையத்தான் செய்யும். ரேக் போட்டாலும் அலையும்.

திருப்ப வேகம் மட்டும்தான் குறை என்றாலும் வேறு வழி உண்டு. சாதாரண 65 மஸ்டாங்கில் மொத்த ஸ்டீயரிங் ரேஷியோ 27:1. பவர் ஸ்டீயரிங் வண்டியிலும் ஸ்பெஷல் ஹேண்ட்லிங் பேக்கேஜிலும் 22:1. அந்த வேகமான பாக்ஸை வாங்கிப் போடலாம். பவர் வேண்டுமென்றால், போர்கேசன் போன்றவர்கள் விற்கும் புதிய பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் பழைய பாக்ஸ் இருந்த இடத்திலேயே உட்காரும். ஜியோமெட்ரியைத் தொட வேண்டியதில்லை. தெருவில் மட்டும் ஓட்டும் வண்டிக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ரேக் எதற்கு? நல்ல காரணங்கள் மூன்று. ஒன்று, இணைப்புகள் குறைவு. நடுவில் தேய்ந்து ஆடுவதற்கு ஐட்லர், பிட்மன், சென்டர் லிங்க் எதுவும் இல்லை. இரண்டு, அந்தக் காலத்து பவர் ஸ்டீயரிங் ஒழியும். சென்டர் லிங்க்கில் ஒரு கன்ட்ரோல் வால்வு, பக்கத்தில் தனியாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், இடையில் ஹோஸ்கள் என்ற அமைப்பு அது. எண்ணெய் ஒழுகாத ஒன்றைப் பார்ப்பது அரிது.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 65, 66 வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் பாக்ஸோடு ஒரே துண்டு. முன்னால் பிரேம் ரெயிலில் தொடங்கி ஓட்டுநரின் மார்புக்கு நேராக வந்து முடியும் நீண்ட இரும்புக் கம்பி. முன்பக்கம் மோதினால் அது எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேக் போடும்போது அந்தக் கம்பி போய், யூ-ஜாயின்ட்டுகளால் மடங்கும் ஷாஃப்ட் வருகிறது.

கிடைக்காதவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பவர் இல்லாத ரேக், நின்ற இடத்தில் திருப்ப இன்னும் கனமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ரேஷியோ குறைந்துவிட்டது. பல கிட்களில் ரேக்கின் ஓட்டம் பழைய லிங்கேஜை விடக் குறைவு என்பதால் திரும்பும் வட்டமும் பெரிதாகும். முன்பு ஒரே வீச்சில் யூ-டர்ன் அடித்த தெருவில் இனி ரிவர்ஸ் போட நேரலாம்.

எந்த வழியில் போவது?

மூன்று வழி உண்டு. முதலாவது, இந்த வண்டிக்கென்றே செய்த போல்ட்-ஆன் கிட். யூனிஸ்டியர், ஸ்டீராய்ட்ஸ், ஃப்ளேமிங் ரிவர், டோட்டல் கன்ட்ரோல் ப்ராடக்ட்ஸ் எனப் பல பெயர்களில் கிடைக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில், அதை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம், ஸ்பிரிங்கின் மேல்முனை முட்டும் ஷாக் டவர் எல்லாம் அப்படியே இருக்கும். பாக்ஸுக்குப் பதில் ரேக். முதல்முறை செய்பவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

இரண்டாவது, மஸ்டாங் II பாணி முன் சஸ்பென்ஷன் முழுவதையும் வெல்டு செய்வது. ஷாக் டவரை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சின் பேயை அகலமாக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் இந்த மஸ்டாங்கில் முன்பக்கப் பாரம் முழுவதையும் ஸ்பிரிங் வழியாக ஷாக் டவரின் உச்சிதான் தாங்குகிறது. அதை வெட்டினால் பாரம் கீழே ரெயிலுக்கு வரும், ரெயிலைப் பலப்படுத்த வேண்டும். அது ஸ்டீயரிங் வேலை இல்லை, பாடி வேலை.

மூன்றாவது, ஏதாவது நவீன வண்டியின் ரேக்கை எடுத்து நாமே பிராக்கெட் செய்து பொருத்துவது. இங்கே பலர் சறுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 65 மஸ்டாங்கில், ஸ்பிண்டிலில் டை ராட் பிடிக்கும் ஸ்டீயரிங் ஆர்ம் அச்சுக்குப் பின்னால் நீள்கிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் டை ராட் வலப்பக்கம் நகர வேண்டும். ஆர்ம் முன்னால் நீளும் வண்டியில் இதற்கு நேர்மாறு. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சுற்றும்போது பினியனின் மேல் விளிம்பு இடப்பக்கமும் கீழ் விளிம்பு வலப்பக்கமும் போகும். ஆகவே பற்சட்டம் பினியனுக்கு அடியில் இருந்தால் வலப்பக்கம் நகரும். மேலே இருந்தால் இடப்பக்கம். தப்பான ரேக்கை வாங்கினால் இடப்பக்கம் சுற்ற வண்டி வலப்பக்கம் போகும்.

1967–69 கமாரோவும் பின்னால் ஆர்ம் நீளும் வகைதான். 1970-லிருந்து முன்னால் போய்விட்டது. 1964–72 செவெல் முன்னால் நீளும் வகை. பழைய பிளிமத், டாட்ஜ் வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலான டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) இடத்தை மறிப்பதால், ரேக் வேண்டுமென்றால் பெரும்பாலும் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கே-மெம்பர் சட்டத்தையே மாற்றி, ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கும் காயில்ஓவருக்குப் போகிறார்கள். செலவும் அதற்கேற்ப ஏறும்.

கிட் ஆர்டர் செய்யும் முன் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். என் ஹெடருக்கு (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதிக்கு) இடம் இருக்குமா? ஆயில் பேன் மாற்ற வேண்டுமா? மேனுவல் கியர் என்றால் கிளட்ச் பெடலின் அசைவைக் கடத்தும் இசட்-பார் ரேக் ஷாஃப்டில் இடிக்குமா? கிராஸ் மெம்பர் எவ்வளவு கீழே தொங்கும்? இசட்-பார் விஷயத்தில் "கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கழற்றுவதற்கு முன் அளந்து வையுங்கள்

பழைய அமைப்பு வண்டியில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய அளவுகள் இவை. கழற்றிய பிறகு திரும்பக் கிடைக்காது.

சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் உயரம். லோயர் கன்ட்ரோல் ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து உள் டை ராட் பிவட் (டை ராட்டின் உள்முனை மூட்டு) எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னால், எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது, இரண்டு பக்கமும். இரண்டு உள் பிவட்டுகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம். லாக்கிலிருந்து லாக் வரை, அதாவது ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, ஸ்டீயரிங் எத்தனை சுற்று. காலி இடத்தில் முழு லாக்கில் ஒரு வட்டம் அடித்து, வெளி டயரின் தடத்தை வைத்து வட்டத்தின் விட்டம். முடிந்தால் பழைய லிங்கேஜின் பம்ப் ஸ்டீரும். அது என்ன, எப்படி அளப்பது என்று கீழே வருகிறது.

எஞ்சின் மவுன்ட்டையும் இப்போதே பாருங்கள். ரப்பர் அமுங்கி எஞ்சின் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இறங்கிய எஞ்சினுக்குப் பொருத்திப் பார்த்த இடைவெளி, மவுன்ட் மாற்றியதும் வேறாகிவிடும்.

மேல் கன்ட்ரோல் ஆர்மை ஒரு அங்குலம் கீழே இறக்கும் உத்தேசம் இருந்தால் அதுவும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாவுஸ் ஆர்னிங் வகுத்தது அது. 1965 ஷெல்பி ஜிடி350-ல் செய்திருந்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் டெம்ப்ளேட் வைத்து நான்கு துளை போட்டுச் செய்கிறார்கள். ஆனால் மேல் ஆர்ம் நகர்ந்தால் சக்கரம் மேலே போகும் பாதையே மாறும், அதோடு ரேக் இருக்க வேண்டிய இடமும் மாறும்.

பழையதை இறக்குதல்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். முன்பக்கத்தைப் பிரேம் ரெயிலுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் எண்ணெயை வடித்து ஹோஸ்கள், கன்ட்ரோல் வால்வு, சிலிண்டர், பிரேமில் இருக்கும் அதன் பிராக்கெட் எல்லாவற்றையும் எடுங்கள்.

டை ராட் எண்டைப் பிரிக்க நட்டைத் தளர்த்தி, ஸ்டீயரிங் ஆர்மின் கண் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. டேப்பர் (கூம்பாகச் சிறுத்த முனை) தானாக விடுபடும். முள்கரண்டி போன்ற பிரிப்பானைச் செருகினால் ரப்பர் கிழிந்துவிடும். பிட்மன் ஆர்முக்கு மட்டும் அதற்கான புல்லர் கட்டாயம். அங்கே சுத்தியல் வேலைக்காகாது.

உள்ளே ஹார்ன் பட்டனை எடுத்து, நட்டைத் தளர்த்தி, புல்லர் வைத்து ஸ்டீயரிங் வீலைக் கழற்றுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீயரிங் காலம் (ஷாஃப்டைச் சுற்றிய குழாய்) பிடிப்பானையும் ஃபயர்வாலில் இருக்கும் தட்டையும் எடுத்தால் காலம் டியூப் உள்ளே வந்துவிடும். பாக்ஸைப் பிரேம் ரெயிலில் மூன்று போல்ட் பிடித்திருக்கிறது. நீண்ட ஷாஃப்டோடு அதை வெளியே எடுக்க இடப்பக்க எக்ஸாஸ்ட்டையும் இசட்-பாரையும் கழற்ற வேண்டி வரலாம்.

பாக்ஸ் போன பிறகு ரெயிலை வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசலும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது வருட இரும்பு. விரிசல் இருந்தால் வெல்டு செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ரேக்கை உட்கார வைத்தல்

மேசை மேலேயே ரேக்கின் நடுவைக் கண்டுபிடியுங்கள். பினியனை ஒரு லாக்குக்குக் கொண்டுபோய், எதிர் லாக் வரை சுற்றுகளை எண்ணி, சரிபாதிக்குத் திரும்பி வந்து, பினியனிலும் உறையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு. கடைசிவரை இந்தக் கோடுதான் வழிகாட்டும்.

கிட்டோடு வரும் பிராக்கெட்டை அல்லது கிராஸ் மெம்பரைப் பொருத்தி, ரேக்கை ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். உள்ளே கூடாக இருக்கும் ரெயிலில் போல்ட் முழுக்கக் கடந்துபோனால் உள்ளே ஸ்லீவ் இருக்க வேண்டும். இல்லாமல் இறுக்கினால் ரெயில் நசுங்கும், பிறகு போல்ட் தானே தளரும். சில கிட்கள் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பழைய கிராஸ் மெம்பரை எடுக்கச் சொல்லும். லோயர் ஆர்ம் இருக்கும் பகுதியில் இரண்டு ரெயிலையும் அதுதான் குறுக்கே பிணைக்கிறது. ஆகவே எடுத்த பிறகு, புதியது பூட்டும்வரை வண்டியைத் தரையில் இறக்க வேண்டாம்.

ரேக்கின் இரண்டு முனையிலிருந்தும் லோயர் ஆர்ம் போல்ட் வரை அளந்து, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உயரமும் அப்படியே. வண்டியின் பம்பரையோ எஞ்சினையோ வைத்து நடுவைக் கணிக்காதீர்கள்.

டை ராட்டுகளை இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் மரை ஏற்றுங்கள். மரை விட்டத்தின் ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். டை ராட் எண்டின் டேப்பரும் ஸ்டீயரிங் ஆர்ம் துளையின் டேப்பரும் பொருந்துகிறதா என்று ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆடினால், நட்டை இறுக்கி ஆட்டத்தை மறைக்கக் கூடாது.

பம்ப் ஸ்டீர்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

நேராகப் போகும் வண்டியில் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது, நாம் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் இடமோ வலமோ திரும்பினால் அது பம்ப் ஸ்டீர். கன்ட்ரோல் ஆர்ம்கள் ஒரு வளைவில் சக்கரத்தைத் தூக்குகின்றன. டை ராட் தன் உள் பிவட்டை மையமாக வைத்து வேறொரு வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போனால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ (டோ-இன்) வெளிநோக்கியோ (டோ-அவுட்) திரும்பியிருக்கும் அளவு, மாறாது. ஒத்துப்போவதற்கு டை ராட்டின் சாய்வும் நீளமும் சரியாக இருக்க வேண்டும். முன்னால் இருந்து பார்க்கும்போது, மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், டை ராட் மூன்றின் கோடுகளையும் நீட்டினால் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். உள் டை ராட் பிவட், இரண்டு ஆர்ம்களின் உள் பிவட்டுகளை இணைக்கும் கோட்டுக்கு அருகில் விழ வேண்டும்.

நல்ல கிட் வாங்கிவிட்டோமே என்று அளக்காமல் விடக் கூடாது. கிட் செய்தவர் வைத்திருந்த வண்டியின் உயரம் வேறு, உங்கள் வண்டியின் உயரம் வேறு.

அளக்கும் முன் காஸ்டரையும், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் அளவான கேம்பரையும் கடைசியாக வைக்கப்போகும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காரணம் உண்டு: காஸ்டரைக் கூட்டினால் ஸ்பிண்டில் பின்பக்கமாகச் சாய்கிறது, பின்னால் நீளும் ஸ்டீயரிங் ஆர்மின் முனை கீழே இறங்குகிறது. டை ராட்டின் வெளி முனையும் கூடவே இறங்கும். பம்ப் ஸ்டீரைச் சரிசெய்துவிட்டுப் பிறகு காஸ்டரை மாற்றினால் செய்ததெல்லாம் வீண்.

இனி ஸ்பிரிங்கை எடுக்க வேண்டும். இந்த வண்டியில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. ஷாக்கையும் எடுத்துவிட்டு, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, முன்பு அளந்த உயரத்துக்குச் சக்கர மையத்தைக் கொண்டுவாருங்கள். ரேக் பெயின்ட் கோட்டில் நிற்கட்டும், அசையாமல் பூட்டிவிடுங்கள்.

பம்ப் ஸ்டீர் கேஜ் வாங்கலாம், இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பூட்டி, அதன் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒவ்வொரு டயல் இண்டிகேட்டர் வைத்தால் போதும். சக்கரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக இரண்டரை அங்குலம் மேலே, அதே அளவு கீழே நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு அளவையும் எழுதுங்கள். இரண்டின் வித்தியாசம் மாறுவதுதான் டோ மாற்றம்.

எழுதிய அளவுகளை, சக்கர உயரம் மேல்கீழாகவும் டோ மாற்றம் குறுக்காகவும் வைத்து, ஒரு தாளில் கோடாக வரையுங்கள். மஸ்டாங் போல ஆர்ம் பின்னால் நீளும் வண்டிக்கு அந்தக் கோட்டைப் படிக்கும் முறை இது:

சக்கரம் மேலே போகும்போது டோ-இன், கீழே போகும்போது டோ-அவுட் என்றால், டை ராட்டின் உள் முனை அளவுக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ரேக்கை இறக்க வேண்டும் அல்லது வெளி முனையை உயர்த்த வேண்டும்.

மேலே போகும்போது டோ-அவுட், கீழே டோ-இன் என்றால் உள் முனை தாழ்ந்திருக்கிறது. ரேக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து உயர்த்தலாம், அல்லது வெளி முனையை ஸ்பேசர் கொண்டு இறக்கலாம்.

மேலே போனாலும் கீழே போனாலும் டோ-அவுட் என்றால் டை ராட் குட்டை. அதாவது உள் பிவட்டுகள் அகலமாகப் போய்விட்டன. இரண்டு திசையிலும் டோ-இன் என்றால் டை ராட் நீளம். இந்த நீளப் பிழையை ஷிம் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டை ராட் நடுவிலிருந்து கிளம்பும் வகை ரேக்காக இருந்தால் பிவட் பிராக்கெட்டை மாற்றலாம். முனையிலிருந்து கிளம்பும் ரேக் என்றால் ரேக்கே தவறு. முன்பு அளந்த பிவட் இடைவெளியை வாங்கும்போதே ஒப்பிட்டிருந்தால் இந்தச் சங்கடம் வராது.

ஆர்ம் முன்னால் நீளும் செவெல் போன்ற வண்டிக்கு இவை எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

கோடு முழுக்கச் செங்குத்தாக வராது. ஓட்டும் உயரத்திலிருந்து மேலும் கீழும் ஓர் அங்குலத்துக்குள் ஏறக்குறைய மாற்றமே இல்லாமல், அதற்கு அப்பால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போனால் தெரு வண்டிக்குப் போதும். மிச்சம் கொஞ்சம் இருந்தே தீரும் என்றால், சக்கரம் மேலே போகும்போது லேசாக டோ-அவுட் பக்கம் சாய்வது நல்லது. டோ-இன் பக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டி படபடக்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். அறுபது வருடத்தில் எங்கேயாவது இடித்து நிமிர்த்திய வண்டியாக இருந்தால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது.

இது திருப்தியாக வந்த பிறகுதான் போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்

பழைய ஷாஃப்டை வெட்டி, காலம் டியூபின் கீழ் முனையில் பேரிங் வைத்து, அங்கிருந்து ரேக்கின் பினியன் வரை இரு பக்கம் தட்டையான டபுள்-டி ஷாஃப்டும் யூ-ஜாயின்ட்டும் போட வேண்டும். வெட்டும் முன் ஒரு துடைப்பக் கட்டையையோ அலுமினியக் குழாயையோ வைத்து முழு வழியையும் ஒத்திகை பாருங்கள். பினியனின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பற்கள்) எண்ணிக்கையைக் கிட் தாளில் பார்த்து அதற்கேற்ற ஜாயின்ட் வாங்குங்கள். தட்டி ஏற்றிப் பொருத்துவதற்கு இது இடமில்லை.

ஒரு ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. இரண்டு ஜாயின்ட் என்றால் இரண்டின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். நடு ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே ஸ்டீயரிங் ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் இருக்கும். ஹெடரைச் சுற்றிப் போக மூன்று ஜாயின்ட் தேவைப்பட்டால், நடுவில் ஒரு ராட்-எண்ட் பேரிங்கைப் பிரேமில் பூட்டி ஷாஃப்டைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் சுற்றுவதற்குப் பதில் ஷாஃப்ட் பக்கவாட்டில் மடங்கும், ஸ்டீயரிங் கையை விட்டுப் போகும்.

செட் ஸ்க்ரூவை ஷாஃப்டின் தட்டைப் பகுதியில் வெறுமனே இறுக்கிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். அது போதாது. முதலில் லேசாக இறுக்கி அடையாளம் வரவழைத்து, கழற்றி, அந்த இடத்தில் ட்ரில் வைத்து ஒரு சிறு குழி போட்டு, ஸ்க்ரூவின் நுனி அதில் இறங்கும்படி லாக்டைட் தடவி இறுக்கி, மேலே லாக் நட்டும் போடுங்கள். ஷாஃப்டின் முனை ஜாயின்ட்டின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பும்போது இடிக்கும், அதையும் பாருங்கள்.

ஷாஃப்டுக்கும் ஹெடருக்கும் இடையில் குறைந்தது ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இந்த வி8 எஞ்சின் இடப்பக்கம் தூக்கும். ஷாஃப்டும் அதே பக்கம்தான். நிற்கும்போது கால் அங்குலம் இருந்தது, ஓடும்போது இருக்காது. இவ்வளவு வெட்டுகிறபோது, மோதினால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோபிக் ஷாஃப்டையே நடுவில் போட்டுவிடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

பவர் ரேக் என்றால்

பழைய பம்பை அப்படியே மாட்டலாமா என்பதுதான் முதல் கேள்வி. பாக்ஸுக்கென்று செய்த பம்புகள் பல ரேக்குகளுக்குத் தேவையானதை விட அதிக அழுத்தமும் ஓட்டமும் தரும். ஸ்டீயரிங் விரலால் சுற்றுகிற அளவுக்கு லேசாகி, ஹைவேயில் பயமாக இருக்கும். சீலும் சீக்கிரம் போகும். ரேக் செய்தவர் சொல்லும் அளவுக்குப் பொருந்தும் பம்பை வாங்குங்கள் அல்லது பம்பில் ஃப்ளோ வால்வை மாற்றுங்கள். அழுத்தப் பக்கத்துக்குப் பவர் ஸ்டீயரிங்குக்கென்று மதிப்பிட்ட ஹோஸ் மட்டுமே. பெட்ரோலுக்கு விற்கும் பின்னல் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், சூடான ஹெடர் மேல் எண்ணெயைப் பீய்ச்சவும் செய்யும்.

எண்ணெயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது எஞ்சினை ஓட்டாதீர்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, எண்ணெய் ஊற்றி, லாக்கிலிருந்து லாக் வரை மெதுவாக இருபது முறையாவது திருப்புங்கள். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யலாம். லாக்கில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம்.

லாக், அலைன்மென்ட், முதல் ஓட்டம்

ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்ட பின், சக்கரத்தோடு முழு லாக்கை இரண்டு பக்கமும், சஸ்பென்ஷன் தொங்கும் நிலையிலும் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா, டை ராட் எண்ட் தன் கோண எல்லைக்குப் போய் முட்டுகிறதா என்பது மூன்றும் முக்கியம். வட்டம் பெரிதாகிவிட்டதே என்று குட்டையான ஸ்டீயரிங் ஆர்ம் தேடிப் போகிறவர்கள் உண்டு. சக்கரம் அதிகம் திரும்பும்தான், ஆனால் ஸ்டீயரிங் கனமாகும், பம்ப் ஸ்டீரையும் மறுபடி அளக்க வேண்டும்.

அலைன்மென்ட்டுக்குப் போகும்போது பழைய மேனுவல் அளவைக் கொடுக்காதீர்கள். ரேடியல் டயர் போட்ட தெரு வண்டிக்கு காஸ்டர் பாசிட்டிவ் 2.5-லிருந்து 4 டிகிரி, கேம்பர் பூஜ்யத்திலிருந்து நெகட்டிவ் அரை டிகிரி, மொத்த டோ-இன் 1.5-லிருந்து 3 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். பவர் இல்லாத ரேக்கில் காஸ்டரைக் கூட்டக் கூட்டக் கை வலிக்கும்; அங்கே 2.5 பக்கமே இருங்கள். ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றி ஸ்ப்ளைன் மாற்றி நேராக்கும் குறுக்குவழி வேண்டாம். ரேக் பெயின்ட் கோட்டில் இருக்கும்போதே வீல் நேராக இருக்க வேண்டும். மிச்சத்தை இரண்டு டை ராட்டிலும் சமமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். ரேக் நடுவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் திரும்பும்.

முதல் ஓட்டம் காலியான பார்க்கிங் இடத்தில், நடை வேகத்தில். இரண்டு பக்கமும் எட்டுப் போட்டுப் பாருங்கள். திரும்பும்போது டக் என்று சத்தம் வந்தால் முதலில் ரேக் போல்ட்டையும் ஷாஃப்ட் செட் ஸ்க்ரூவையும் சந்தேகப்படுங்கள். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராவிட்டால் எங்கோ ஒரு ஜாயின்ட் பிடிக்கிறது. பெரும்பாலும் ஸ்டீயரிங் காலத்தின் கீழ் பேரிங் கோணலாக இருக்கும். பிறகு ஒரு மேடுபள்ளமான சாலையில் மிதமான வேகத்தில் போய்ப் பாருங்கள். பம்ப் ஸ்டீர் சரியாக இருந்தால் வண்டி குலுங்கும், ஆனால் திசை மாறாது.

நூறு மைல் ஓடிய பிறகு ரேக் போல்ட், டை ராட் ஜாம் நட், காட்டர் பின், ஷாஃப்ட் ஸ்க்ரூ எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்; போல்ட் தலைகளில் பெயின்ட் கோடு போட்டிருந்தால் நகர்ந்ததா என்பது கண்ணாலேயே தெரியும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய பாக்ஸ், காலம், சென்டர் லிங்க் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ஷாஃப்டை வெட்டிவிட்டாலும், பின்னாளில் வண்டியை வாங்குபவர் ஒரிஜினல் பாக்ஸ் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.